அம்மா சொல்லாத பெயர்

என் அம்மா தேறிவிட்டாள் என்று ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதம் என் அலமாரியில் இருக்கிறது. கோபம் தணிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன். தணிந்திருக்காது.

அப்பா துறைமுகத்தில் அதிகாரி. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தா வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் டாலிகஞ்ச் ஃபிளாட்டிலேயே இருந்துவிட்டார். அவர் இறந்து நான்கு மாதமாகியும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். அவருடைய சட்டைகளை மடிப்பாள், பிரிப்பாள், திரும்பவும் மடிப்பாள். நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர் போனால் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் நான் நியூ டவுனில் ஐ.டி. கம்பெனிக்காரி. ஏதாவது பழுதென்றால் உரிய ஆளிடம் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தே பழகியவள். எதிர் ஃபிளாட் பெங்காலி அண்ணி ஒரு டாக்டரைச் சொன்னாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பவானிபூரில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் அவருடைய சேம்பர். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மருந்துக் கம்பெனி ரெப்புகள் மட்டும் பையோடு நேராக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். டாக்டரின் மேஜையில் பேனா, காலண்டர், தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மாத்திரையின் பெயர். மனிதர் தன் நெற்றியில் மட்டும்தான் ஒட்டிக்கொள்ளவில்லை.

“மாஷிமா, உங்க கணவர் பேர் என்ன?” என்று அம்மாவைச் சித்தி முறை வைத்துப் பெங்காலியில் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வது என் வேலை. அம்மா அதை வாழ்நாளில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. கட்டினவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். கோயில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, பெயருக்கு என் முழங்கையை இடிப்பாள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஆள் வந்தால் அடுக்களையிலிருந்தே என்னைக் கூப்பிடுவாள். பேச்சு வந்த நாளிலிருந்து இந்த உத்தியோகத்தில் இருக்கிறேன்.

வாயைத் திறந்தேன். டாக்டர் கையை உயர்த்தினார். “ப்ளீஸ், நீங்க சொல்லாதீங்க. பேஷன்ட் சொல்லட்டும்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபடியும் கேட்டார், செவிடரிடம் கேட்பதுபோல உரக்க. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் ஏதோ எழுதினார். இன்றைக்கு என்ன தேதி என்றார். “பங்குனி பதினெட்டு” என்றாள் அம்மா. சரியான தேதி. மொழிபெயர்த்துச் சொன்னேன். அதற்கும் ஏதோ எழுதினார். அவர் வீட்டிலும் பெங்காலி மாதம் போட்ட பஞ்சாங்கம் தொங்கும். அவரைப் பெற்றவளும் புருஷன் பெயரைச் சொல்லாதவளாகத்தான் இருந்திருப்பாள். வீட்டில் தெரிந்துகொண்டதையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்தால்தான் இந்தத் தொழிலில் பெரிய ஆளாகலாம் போலிருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. என்னையும் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம். “அப்பா போய் நாலு மாசம்தான் ஆச்சு” என்று மட்டும் சொன்னேன்.

“நாலு மாசம் ஜாஸ்தி” என்றார்.

துக்கத்துக்கும் காலாவதித் தேதி குறித்து வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான். ஞாபகமறதி, மனச்சோர்வு, பதற்றம். ஏழு நிமிஷத்தில் மூன்று நோயைக் கண்டுபிடித்து, நோய்க்கொன்றாக மூன்று மாத்திரை எழுதினார்.

அம்மா தூங்கினாள். பகலிலும் தூங்கினாள். விழித்திருந்த நேரத்தில் கைகள் நடுங்கின, கடைவாயில் எச்சில் வழிந்தது. காய்க்காரரிடம் “ஏத்தோ தாம்?” என்று விலை கேட்டு மல்லுக்கு நிற்பவள், அவர் போட்ட சொத்தைக் கத்தரிக்காயைப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். சட்டைகள் மடிக்கப்படாமல் கிடந்தன. டாக்டருக்கு ஃபோன் செய்து நடுக்கத்தைச் சொன்னேன். நடுக்கத்துக்கு நாலாவதாக ஒரு மாத்திரை சொன்னார். முதல் மூன்றின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தான் பெற்ற பிள்ளைகள் மாதிரி நம்பினார்.

வேறொரு டாக்டர் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அவற்றைக் குறைத்து நிறுத்தினார். அவர் அம்மாவிடம் முதலில் கேட்டது, “சாப்டீங்களா?” அப்படியும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால், இரண்டு மாதம் கழித்து, பவானிபூருக்கு இன்னொரு தடவை போனோம்.

அதே நாற்காலி, அதே பேனா, அதே கேள்வி. நான் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கும் பழக்கமாகிவிட்டது.

அம்மா சொன்னாள். அப்பாவின் பெயரை, இனிஷியலோடு, தட்டுத் தடுமாறி. என்னைப் பார்க்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள்.

“வெரி குட்!” என்று டாக்டர் மேஜையைத் தட்டினார். “பார்த்தீங்களா? நல்ல இம்ப்ரூவ்மென்ட்.” அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் அந்த மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். “தேங்க் யூ” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மெட்ரோவில் அம்மா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் விழித்தாள்.

“ஏட்டி, அங்கன நா அவுக பேரச் சொன்னேனா?”

“இல்லம்மா.”

“சொன்னேன். என் காதுலயே கேட்டுச்சே.” நடுங்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஒனக்குத்தான் சொல்லத் தெரியும்லா. நீ ஏம்ட்டி சொல்லல?”