பகலில் சாத்திய கதவு

சத்தியவேட்டில் வசந்தா வீட்டு வாசல் கதவு விடிந்ததும் திறந்தால், விளக்கு வைத்த பிறகுதான் சாத்தப்படும். பகலில் கதவைச் சாத்தினால் லட்சுமி எந்த வழியாக வருவாள் என்று கேட்பவள் அவள். லட்சுமி வந்தாளோ இல்லையோ, வெயில் தவறாமல் உள்ளே வந்து, படுத்திருக்கும் மகன் தருண் முகத்தில் விழும்.

தருணுக்கு இருபத்து நாலு வயது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் நிரந்தர நைட் ஷிஃப்ட். காலையில் அவன் வந்ததும் வசந்தா தட்டு நிறையச் சோறு போடுவாள். "ராவெல்லாம் கண்ணு முழிச்ச உடம்பு, துன்னுட்டு படு நைனா." நடுப்பகலில் எழுப்பி மறுபடியும் சோறு. பெற்ற மனசு கேட்க வேண்டுமே. ஒருநாள் அவன் ஜன்னலில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டபோது, "இது இன்னா சாவு வூடா?" என்று பிடுங்கி எறிந்தவளும் அவள்தான்.

கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏறியிருந்தது. இந்த வயதிலா என்று பதறிப்போய்த் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இருட்டினாத்தான் தூக்க ஹார்மோன் நல்லா சுரக்கும், வெளிச்சம் பட்டா குறைஞ்சிடும்" என்றார் டாக்டர் நளினி. "ராத்திரி வேலையில அந்தக் கணக்கே தப்பிப்போவுது, அதுல சர்க்கரையும் ஏறும். படுக்கப்போற நேரத்துல வயிறு முட்ட சோறு வேற. பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாருங்க. அதுவரைக்கும் ரூமை இருட்டாக்கி, எழுப்பாம தூங்க விடுங்க." பிறகு தருணைக் கேட்டார்: "வீட்ல நல்லா தூங்க வுடுறாங்களா?"

"வுடுறாங்க மேடம்."

அந்தப் பொய் வசந்தாவைச் சுட்டது. காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை. நைட் ஷிஃப்டுக்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் பகலையும் பறித்தது அவள்தானே. திரும்பும் பஸ்ஸில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். தோள் மரத்துப்போயும் அவள் அசையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, அதே கறுப்புப் போர்வையைத் தன் கையாலேயே ஜன்னலில் கட்டி, கதவையும் சாத்தினாள்.

பக்கத்து வீட்டுப் பிரமிளா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கதவ சாத்திக்கினு?"

"புள்ள தூங்கறான்."

பின்பக்க அடுப்பில் பாத்திரம் உரசாமல் சமைத்தாள். நடுப்பகலில் பின்கதவு திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தருண் நின்றான்.

"நான் எழுப்பலியே நைனா?"

"நீ எழுப்புற நேரம் வந்தா தானா முழிப்பு வந்துருதும்மா" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை.

சோறு போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், வசந்தா கரண்டியும் கையுமாக நின்றாள்.