வலப்பக்கம் மேலே

ஹிசானோ அக்கா வாயைத் திறந்தால் எங்கள் கியோட்டோ ஸ்டுடியோவில் பெரிய நடிகர்களே அடங்கிப்போவார்கள். உடை அறை அவருடைய ராஜ்ஜியம். "வயித்தை உள்ள இழுங்க. வாள் சொருக இடம் வேணுமா, சாகே சாராயம் ஊத்த இடம் வேணுமா?" என்று கதாநாயகனையே கேட்பார். விளக்குப் போடுகிற எனக்கு அவரிடம் திட்டு வாங்கினால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

நெசவாளர் வீட்டுப் பெண். கணவர் காசநோயில் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் ஷிகெயோஷியைத் துணி தைத்தே வளர்த்தார். வளர்ந்தவனைப் போர் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்தது ஒரு வெள்ளை மரப்பெட்டி. உள்ளே அஸ்திக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். வட்டாரப் பெரியவர்கள் வந்து, வாசலில் 'கௌரவத்தின் வீடு' என்று பலகை அடித்துத் தலைவணங்கிவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட வீட்டின் தாய் அழக்கூடாது. இவரும் அழவில்லை.

போர் முடிந்து பதினைந்து வருஷம் கழித்து அந்தப் படம் எடுத்தோம். வழக்கமான வாள்சண்டைப் படமல்ல. எஜமானின் கொடியைப் பறிகொடுத்த ஓர் இளம் காவலனை, குலத்தின் பெயர் கெடக்கூடாது என்று பெரியவர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் அவ்வளவு பெரிதா என்று கேட்கிற கதை. காவலனாக நடித்தவன் மினெகிஷி என்ற புதுப்பையன்.

சாகும் காட்சி அன்று, வெள்ளைக் கிமோனோவோடு அவன் என் விளக்குக்கு முன்னால் வந்து நின்றான். துணை இயக்குநருக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது.

"அக்கா, என்ன இது? வலப்பக்கம் மேல வந்திருக்கு."

கிமோனோவை முன்னால் மடித்துக் கட்டும்போது, உயிரோடு இருப்பவர்களுக்கு இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது பிணத்துக்கு. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூட இதில் தப்பாது. மினெகிஷியின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாம வந்துடுச்சு," என்றார். "எம்மவனுக்கு உடுத்திவிட உடம்பு வரல. அதான் கை தானா கட்டியிருக்கு போல."

இயக்குநர் தொகாவா பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் கண் மின்னியது.

"மாத்த வேணாம். சாகறதுக்கு முன்னாடியே இவனைப் பிணமாக்கிட்டாங்க. இதைவிட அழகா யாரு சொல்லிட முடியும்? அப்படியே எடுத்துடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையில் அது அழகாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் பையனின் இடுப்புக் கச்சையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அக்கா, நான் சொன்னது கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க ஐயா. எம்மவன் போருக்கு ரயிலேறுன அன்னைக்கும் சுத்தி நின்னவங்க எல்லாம் அழகா இருக்குன்னுதான் சொன்னாங்க. நானும்தான் சொன்னேன்."

"இது சினிமாக்கா."

"இந்தப் புள்ள சினிமா இல்லையே. சாயந்தரம் இவன் அவங்கம்மாகிட்டப் போயிச் சோறு திங்கணும். வேணும்னா என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்க. தெரியாம ஒருதடவ கட்டிட்டேன். தெரிஞ்சு கட்ட மாட்டேன்."

தொகாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லி, கிமோனோவின் இரண்டு ஓரங்களையும் தானே பிடித்தார். மினெகிஷி கண்களை இறுக மூடிக்கொண்டான். இயக்குநரும் போருக்குப் போய்த் திரும்பியவர்தான். அந்த இளம் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றவுடன் அவர் கை ஓடவில்லை. பிறகு இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, கச்சையை அவரே கட்டிவிட்டார்.

"சரி, எடுக்கலாம்," என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கேமரா ஓடியது. மினெகிஷி தனக்கு முன்னால் வைத்த கத்தியை நோக்கிக் குனிந்தான். அந்த அமைதியில் என் விளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். ஹிசானோ அக்கா தரையில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

துணை இயக்குநர் அவரை வெளியே அழைத்துப்போக ஓடினான். தொகாவா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுப்பா. அழட்டும்."

நான் விளக்குகளை அணைத்தேன். அவர் அழுது முடிக்கும்வரை நாங்கள் எதையும் எடுக்கவில்லை.