பெரிய பங்களாவில் எது பழசு?

1. அலவாங்கும் தேங்காயும்

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை ஓர் அறையை உடைப்பது. கடப்பாரை போன்ற அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே ஓர் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"என்னா வேணும்?"

"இத ஒடைக்கச் சொன்னாங்க."

"சோறு வெந்துகிட்டு இருக்கு. எறக்கினதும் ஒடைங்க" என்று சொல்லிவிட்டுத் துருவலைத் தொடர்ந்தார்.

நான் வெளியே வந்து அலவாங்கைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு தட்டு வந்தது. சாப்பிட்ட பிறகு அந்த வீட்டை உடைக்கக் கை வரவில்லை. மேசன் பாஸிடம் போய் "உள்ளே ஆள் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

இது றக்வானைக்கு மேலே, ஒரு தோட்டத்தின் பெரிய பங்களாவில் நடந்தது. அதற்கு முன்னால் நான் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். குழி இடிந்தது. பிறகு லொறியில் கிளீனராகப் போனேன். லொறி விற்கப்பட்டது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அடையாள அட்டை தொலைந்திருந்த நேரம், பொலிஸ் பிடிக்கும் என்பதால் ரோட்டில் அதிகம் திரியவும் முடியாது. மலை உச்சியில் வேலை என்றதும் சந்தோஷமாக ஏறிவிட்டேன். சோமபால பாஸ் என்ற மேசன் என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்குத் தமிழ், சிங்களம் இரண்டும் வரும் என்பதுதான் காரணம். கல் சுமப்பதும் பேச்சு சுமப்பதும் ஒரே சம்பளத்துக்கு.

2. வீட்டைக் கீறிப் பார்த்தல்

தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, அந்தப் பங்களாவை வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக்க ஏற்பாடு நடந்தது. கட்டடக் கலை படித்த ஒரு பெண் கொழும்பிலிருந்து வந்திருந்தார்; நாங்கள் அவரை நோனா என்போம். உத்தரவு எளிமையானது: இங்கிலீஸ்காரன் கட்டியபடியே வீடு திரும்ப வேண்டும், பிறகு ஒட்டியதெல்லாம் உடைபட வேண்டும். ஒட்டியவை என்று இரண்டுக்குச் சாக்கட்டியால் குறி போட்டிருந்தார்கள். ஒன்று, தோட்டம் அரசாங்கத்திடம் இருந்த காலத்தில் அதை நடத்திய ஒரு துரை கட்டிய மேற்குப் பக்க அறை. மற்றது, பின்பக்கம் குசினியோடு ஒட்டிய அறை. அந்த இரண்டாவது அறையில்தான் பங்களாவின் சமையல்காரர் மருதை அப்புவும், எனக்குச் சோறு போட்ட செல்லாயி அக்காவும் இருந்தார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அப்புவுக்குக் காம்பரா கிடையாது. மலையில் பேர் பதிந்து வேலை செய்பவர்களுக்குத்தான் லயம். பங்களாவில் சமைத்தவருக்குப் பங்களாவின் பின்பக்கம்தான் வீடு. அது போனால் நேரே ரோடு.

"தோட்ட மெனேஜர்கிட்ட கேட்டீங்களாண்ணே?" என்று நான் அப்புவிடம் கேட்டேன்.

"கேட்டேன் தம்பி. கம்பெனி பாத்துக்கும்னாரு. நான் மூட்டைய தூக்கிகிட்டுப் போறதப் பாத்துக்கும் போல."

நோனா நல்லவர். எங்களையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினார். சின்னக் கத்தியால் சுவரைக் கீறிக் காட்டுவார். மேலே மஞ்சள், கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம். "ஒவ்வொரு துரைக்கும் ஒரு சம்சாரம். ஒவ்வொரு சம்சாரத்துக்கும் ஒரு கலர்" என்பார் சிங்களத்தில். முன் விறாந்தையின் தூண்களும், வளைவு வைத்த ஜன்னல்களும், ஹோலில் குளிர்காயும் அடுப்பும் அப்படியே இங்கிலாந்தில் இருப்பதுபோல் கட்டியவையாம். றக்வானை மழை இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. சிம்னி வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும், புகை மேலே போகாது.

"அதுல நெருப்பு போட்டா தொர இருமுவாரு" என்றார் அப்பு. "நாங்க சிரிக்காம தேத்தண்ணி கொண்டுபோகணும். அதுதான் இந்த பங்களாவுல கஷ்டமான வேல."

நான் மொழிபெயர்த்தேன். நோனா சிரித்தார். சிரித்துவிட்டு, "பழசு எதையும் நான் உடைக்க மாட்டேன்" என்றார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். அங்கேதான் வினை தொடங்கியது.

3. செவுத்துக்குத் தேத்தண்ணி

மறுநாள் காலை அப்புவின் அறைச் சுவர் முழுக்கப் பழுப்பாக இருந்தது. கணவனும் மனைவியும் அண்டாவில் தேயிலைச் சாயம் காய்ச்சிச் சுடச்சுடச் சுவரில் அடித்திருந்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு நூறு வயதுச் சுவராகிவிடும் என்பது அப்புவின் கணக்கு.

"கல்யாணத்துக்குக்கூட இந்த மனுசன் செவுத்துக்குப் பூசல" என்றார் செல்லாயி அக்கா.

சோமபால பாஸ் எட்டிப் பார்த்தார். அப்படியே வேறு பக்கம் போய்விட்டார். சிரிக்கத்தான் போனார். தோள் குலுங்கியது தெரிந்தது.

நோனா வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இது பீஓபியா, டஸ்ட்டா?" என்று தேயிலை ரகத்தை என்னிடம் கேட்டார்.

நான் அப்புவிடம் கேட்டேன். அப்பு நிமிர்ந்து நின்று, "டஸ்ட்டுங்க நோனா. நல்ல தேயிலைய யாராவது செவுத்துக்கு ஊத்துவாங்களா?" என்றார்.

நோனா சிரித்துக்கொண்டே ஈரத் துணியால் சுவரைத் துடைத்தார். சூடான சாயத்தில் ஊறியிருந்த சுண்ணாம்பு தகடாகப் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பு மூட்டை கட்டும் முகத்தோடு நின்றார்.

நோனா கத்தியை எடுத்தார். பங்களாவின் மற்றச் சுவரெல்லாம் செங்கல். இங்கே உள்ளே இருந்தது காட்டுக்கல்லும் களிமண்ணும். ஏணி வைத்து ஏறிக் கூரைத் தகரத்துக்குக் கீழே பார்த்தார். கைமரங்கள் வாளால் அறுத்தவை அல்ல, வாய்ச்சியால் செதுக்கியவை. ஆணிக்குப் பதில் மரமுளை. பிறகு குசினியின் செங்கல் சுவர் இந்தச் சுவரைத் தொடும் மூலையைக் காட்டினார். இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்படவில்லை. செங்கல் வந்து முட்டி நின்றிருந்தது.

"முட்டி நிற்பதுதான் பிறகு வந்தது" என்றார் நோனா. அவர் குரலே மாறியிருந்தது. "இது ஒட்டிய அறை இல்லை. இதோடுதான் பங்களாவை ஒட்டியிருக்கிறார்கள்."

கோப்பித் தோட்டம் போடக் காடு வெட்ட வந்த முதல் துரை தங்கிய குடில் அது என்று விளக்கினார். அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்திருக்கிறான். தேயிலையில் காசு வந்ததும் பின்னால் வந்தவர்கள் முன்னே பெரிய வீட்டைக் கட்டிக்கொண்டு, குடிலைச் சமையல்காரனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"அப்ப தொரயும் இந்த அடுப்புலதான் ஊதிகிட்டு கெடந்தாரா?" என்றார் செல்லாயி அக்கா. "நல்லா வேணும்."

நோனா தன் கையாலேயே சாக்கட்டிக் குறியை அழித்தார். அன்று மத்தியானம் எல்லோருக்கும் கருவாட்டுக் குழம்பு.

4. காப்பாற்றிய பிறகு

அந்த நிம்மதி இரண்டு நாள்தான். மெனேஜர் வந்து, இவ்வளவு பழைய அறையை உடைக்கக் கூடாது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். ஆகவே அதில் இனி நெருப்பு மூட்டக் கூடாது, ஆள் இருக்கக் கூடாது, வாசலில் கயிறு கட்டிப் பயணிகளுக்குக் காட்ட வேண்டும்.

அப்பு அடுப்படியில் குந்தினார். "ஒடைச்சாலும் வெளிய போகணும், காப்பாத்துனாலும் வெளிய போகணும். என்னா எழவு வீடுடா இது!"

நான் நோனாவிடம் அப்படியே மொழிபெயர்த்தேன், எழவு உட்பட. அவர் வரைபடத்தை விரித்து மேற்கு அறையின் மேல் விரலை வைத்தார். பிறகு சோமபால பாஸைக் கூப்பிட்டார்.

"மேற்கு அறையை எப்போது உடைப்பீர்கள்?"

"நாளைக்கே உடைக்கலாம், நோனா."

"நாளைக்கா? மழை வருமே."

பாஸ் வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் கிடையாது. "ஆமாம் நோனா. பெரிய மழை."

"அடுத்த மாதம்?"

"அப்பவும் நிற்காது போலத்தான் தெரிகிறது."

அவர்கள் சிங்களத்தில் பேசியது அப்புவுக்கு விளங்கவில்லை. ஆனால் நான் மொழிபெயர்க்கும் முன்பே செல்லாயி அக்கா பானைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

உடைக்கும்வரை சாமான்களுக்குக் காவலாக ஓர் ஆள் மேற்கு அறையில் இருக்கட்டும் என்று நோனா மெனேஜரிடம் சொன்னார். மெனேஜரும் தலையாட்டினார். அப்பு குடும்பம் துரை கட்டிய அறைக்குக் குடிபோனது. பளபளவென்று ஓடு பதித்த குளியலறை, ஆள் நீட்டிப் படுக்கும் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. செல்லாயி அக்கா தொட்டியில் விறகு அடுக்கினார். மழை நாளில் அவருடைய விறகு நனையாமல் இருந்தது அப்போதுதான் முதல் தடவை. கம்பெனிக்குக் காசு முடிந்தது, வேலையும் நின்றது. நான் ஓப்பநாயக்கப் பக்கம் வேறு வேலை தேடிப் போனேன்.

சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் சீமெந்து லொறியில் போனபோது ஏறிப் பார்த்தேன். பங்களாவில் பயணிகள் தங்கத் தொடங்கியிருந்தார்கள், மேற்கு அறை மட்டும் இன்னும் உடைபடவில்லை. நரை விழுந்த அப்பு ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். துரை எங்கே இருந்தார் என்று கேட்டிருக்க வேண்டும். கரி படிந்த குடிலைக் காட்டினார். வேலைக்காரர்கள் எங்கே என்று கேட்டார்கள். மேற்கு அறையைக் காட்டினார். அந்த அம்மா உள்ளே எட்டித் தொட்டியைப் பார்த்தார், திரும்பிக் குடிலைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார்.

"நம்ப மாட்டேங்கிறாங்க தம்பி" என்றார் அப்பு. "நெசத்தத்தான் சொல்றேன்."

அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் வேலை செய்துவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உடைக்கச் சொன்னால் முதலில் கொஞ்சம் கீறிப் பாருங்கள். காப்பாற்றச் சொன்னாலும் உடனே கயிறு கட்டிவிடாதீர்கள். அதில் இருப்பவர் இனி எங்கே படுப்பார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை மழை பெய்கிறது என்று சொல்லுங்கள்.