அப்பா போட்ட வெள்ளை நாடா

இது நடந்தது. கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. நானும் பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான். மருந்துக்கடையில் வேலை. மாத்திரைப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வினை என்பதால், எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையில் எடுக்கமாட்டேன். அன்றைக்கும் இரண்டு தடவை பார்த்தேன்.

என் அப்பா இருபத்து மூன்று வருடம் ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கி பிடித்ததைவிட மண்ணைக் குத்தியதுதான் அதிகம். கண்ணிவெடி எடுக்கும் குழு. குப்புறப் படுத்து, மெல்லிய இரும்புக் கம்பியைச் சாய்வாக மண்ணில் இறக்குவார். இரண்டு விரல் தள்ளி மறுபடியும் இறக்குவார். சோதித்து முடித்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா இழுப்பார்கள். நாடாவுக்குள் நடந்தால் உயிரோடு வீடு வந்து சேரலாம். வெளியே கால் வைத்தால்... அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லாமல் போன கதை அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே உத்தியோகம், என் மகள். ஆறு வயது. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார், மீதி மூன்று விரல்களை வைத்துக்கொண்டே இரட்டைப் பின்னல் போடுவார், அவள் கடித்து வைத்த பாதி பிஸ்கட்டைத் தின்பார். என்னிடம் காட்டாத செல்லத்தையெல்லாம் அவளிடம் கொட்டினார். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். தெருவில் தண்ணீர் தேங்கினால் அவர் முன்னால் போவார், அவர் கால் வைத்த இடத்தில்தான் அவளும் வைப்பாள். ஒரு நாள் மார்பு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

ஐந்து வாரம் கழித்து அவருடைய பழைய ராணுவ நண்பர்கள் நினைவுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். "அவரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு வாம்மா" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வெளியே பேய் மழை. சால்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் நான். தாத்தாவின் அறையில் படம் வரைந்தபடி என் மகள்.

"என் அப்பா" என்று எழுதியதுமே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 5:42.

கரண்ட் போனது. மழை இருட்டில் வீடே மங்கியது.

டிக்...

ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி.

டிக்...

"பாப்பா, ஸ்கேலால தரையைத் தட்டாதே."

"நான் இல்லம்மா."

குரல் அறையிலிருந்து வரவில்லை. நடைவழியிலிருந்து வந்தது.

எழுந்து போய் மொபைல் விளக்கை அடித்தேன். தரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாடா. பின்கதவிலிருந்து அப்பாவின் அறை வரைக்கும். அப்பா ஞாபகமாக வைத்திருந்த நாடாச் சுருள் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது. சாவி என் அலமாரியில் இருந்தது.

இரண்டு நாடாவுக்கும் நடுவில் என் மகள். முகம் பின்கதவுப் பக்கம். ஓர் அடி வைப்பாள். நிற்பாள். எதற்கோ காத்திருப்பாள். பிறகு அடுத்த அடி.

"என்னடி பண்றே?"

"தாத்தா வெளியே வரச் சொல்றார்."

பேத்தி மேல் உயிரையே வைத்திருந்தாரே. தனியாக இருக்க முடியாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார். அது ஒன்றுதான் தோன்றியது.

"பாப்பா, அம்மாகிட்ட வா!"

"பேசாதேம்மா... தாத்தா இன்னும் சரின்னு சொல்லலை."

க்ரீச்...

பின்கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் கை அதில் இல்லை. கதவு திறந்தது. சாரல் உள்ளே அடித்தது. வெளியே யாரும் இல்லை.

5:49.

"அப்பா! அவளை விட்டுடுங்க! உங்க கால்ல விழறேன்... போயிடுங்கப்பா!"

சத்தம் நின்றது.

பிறகு...

டிக். இந்த முறை என்னை நோக்கி.

டிக். ஒரு தரைக்கல் தள்ளி.

டிக். அரைக் கல்.

என் காலடியில்... டங்.

கம்பி எதிலோ தட்டுப்பட்ட சத்தம்.

சால்வையின் முனையை யாரோ பிடித்தார்கள். மெதுவாக.

உதறினேன். ஓடினேன். நாடாவை மிதித்துக்கொண்டு போய் மகளை வாரி நெஞ்சோடு அணைத்தேன்.

அவள் அலறினாள்.

கதவைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

"விடும்மா! தொடாதே! விடு!"

கரண்ட் வந்தது. 5:53.

மகளுக்கு நடந்தது எதுவுமே நினைவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அழுத அழுகையில நீயே அந்த நாடாவைப் போட்டிருப்பே" என்றார். பூட்டியபடியே இருந்த இரும்புப் பெட்டியை அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். உள்ளே சுருள் இல்லை. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நாடாவை எடுக்க இரண்டு பேருக்குமே கை வரவில்லை. அப்படியே விட்டோம்.

மூன்று நாள் கழித்து என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப்போக அப்பாவின் கூட்டாளி வந்தார். அப்பா கம்பி குத்தும்போது இருபது அடி பின்னால் நின்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. பதினோரு வருடம் அப்படி நின்றவர். நாடாவைப் பார்த்ததும் பெரியவர் முழங்காலிட்டுத் தடவிப் பார்த்தார்.

"எங்கேருந்து ஆரம்பிச்சிருக்கார் பாத்தியாம்மா? பின்கதவுலேருந்து. வெளியிலேருந்து உள்ளே. இது யாரையோ கூட்டிட்டுப் போற பாதை இல்லை. வெடிக்கு நடுவுல மாட்டினவங்களை மீட்கறதுக்குப் போடறது."

"அப்போ... அவளைக் கொண்டுபோக வரலையா, மாமா?"

"உங்கப்பாவா? காப்பாத்த வந்திருக்கார்."

அப்படியே உட்கார்ந்து அழுதேன். பெற்ற அப்பாவை வாய் கூசாமல் விரட்டியிருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த கேள்வி வந்தது.

"எதுகிட்டேயிருந்து?"

"எடுக்க நேரமில்லாத வெடின்னா, அது மேல சிவப்பு நூல் கட்டிட்டு வருவார். யாரும் தொடக்கூடாதுன்னு அர்த்தம். தேடிப் பாரு."

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். அடுப்பு, ஒயர்கள், கட்டில் கால், பரண். எங்கேயும் இல்லை. கடைசியில் எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் என் சால்வை தொங்கியது. அன்றைக்குக் கழற்றி மாட்டியதோடு சரி, நான் அதைத் தொடவில்லை.

அதன் முனையில் சிவப்பு நூல் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அவர் போடற முடிச்சுதான்" என்றார் பெரியவர். குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு இந்தச் சால்வை எங்கேம்மா இருந்தது?"

"நான்தான் போர்த்தியிருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து, நாடாவுக்குள் போய் நின்றார்.

ஏழு மாதம் ஆகிறது. டாக்டர்கள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டார்கள். ஒரு குறையும் இல்லையாம். மகள் அவள் அப்பாவோடு படுத்துக்கொள்கிறாள். நான் வேறு அறையில். என் அறைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள்... வைக்கச் சொன்னது நான்தான்.