மேசைக்கு மேசை ஜாம் போத்தல்

காலி ஜாம் போத்தலுக்குள் மெழுகுதிரியைச் செருகி, கழுத்தில் சாக்கு நூலைக் கட்டிக் கல்யாண மேசையில் வைத்தால் அழகாம். இந்த அதிசயத்தை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவள் என் அக்கா மகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்ல என்ற மலை ஊரில் ஹோட்டல்கள் புற்றீசலாகக் கிளம்பிய காலத்தில், அவளும் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து, தேயிலை மலையைப் பார்த்தபடி கல்யாணம் கட்டிக்கொள்வார்கள். மேசைக்கு மேசை போத்தல்தான் அலங்காரம்.

"இதுக்குப் பேரு ரஸ்டிக், சித்தி" என்றாள்.

"அப்படின்னா?"

"பட்டிக்காட்டு ஸ்டைல்."

"நாம இருக்கிற ஸ்டைல்தானே? அதப் படிக்கவா ஹோட்டலுக்குப் போன?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அவளைப் படிக்க வைத்தவள். தோட்டத் தொழிலாளருக்குக் கொடுத்த எங்கள் லயத்து அறையில் உப்பு, சீனி, ஊறுகாய் எல்லாம் ஜாம் போத்தலில்தான் இருக்கும். கரண்ட் வருவதற்கு முன்னால் விளக்கும் போத்தல்தான். மூடியில் ஓட்டை போட்டு, திரி விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி வைப்போம். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். அந்த ஸ்டைலை எந்த வெள்ளைக்காரியும் கேட்டு வந்ததில்லை.

பிறகு அக்கா மகளுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் இவ்வளவுதான் என்று அவர்கள் வாயால் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. அந்தக் கல்யாணத்தில் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அதற்காகவே லயத்தில் பந்தல் போடாமல் டவுனில் மண்டபம் எடுத்தாள். மகளோ ஹோட்டலில் இரவல் கேட்ட போத்தல்களைப் பெட்டி பெட்டியாக வேனில் கொண்டுவந்து இறக்கினாள். கல்யாணப் பெண்ணிடம் சண்டை வேண்டாமென்று அக்கா வாயை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, ஆனால் என் பேச்சை யார் கேட்டார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்துக்குள் வந்ததும் ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை, அவ்வளவு அன்பாகக் கேட்டார்.

"கஷ்டம்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சம்பந்தி. பூச்சாடி நாங்க கொண்டாந்திருப்போமே. வீட்டுப் போத்தலெல்லாம் கழுவிக் கொண்டாந்து வச்சிருக்கீங்களே."

"எங்க வீட்டுது இல்லைங்க" என்று அக்கா பதறினாள். "ஹோட்டல்ல கேட்டு வாங்குனது."

"ஐயோ, போத்தல் கூடவா இரவல்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரியின் மேசையில் இருந்தால் அது அலங்காரம். கொழுந்துக்காரி வீட்டுக் கல்யாணத்தில் இருந்தால் வெறும் போத்தல். ஏழை மாதிரி வேஷம் போடுவதற்கும் முதலில் வசதி இருக்க வேண்டும் என்பதை அந்த ஹோட்டலில் அக்கா பெற்ற என் பெறாமகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து எல்லாரும் மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், பட்டுச்சேலை அழுக்காகாமல் மேலே ஒரு பழைய துவாயைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேசைகளில் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பந்திக்கு ஆட்கள் உட்காருவதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிட வேண்டும் என்று அவசரம்.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

"இந்தாம்மா, போத்தல அப்புறம் பொறுக்கலாம். குடிக்கத் தண்ணி கொண்டா."

அக்கா போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நான் பாய்ந்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து, அப்பால் இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லிராத. வேலக்காரின்னே நெனச்சிக்கிட்டுப் போகட்டும். பொண்ணோட அம்மாதான் போத்தல் பொறுக்குறதுன்னு தெரிய வேணாம்."