கேபிளை வெட்டிய நைனா

அன்று கேபிளை வெட்டியதால்தான் நான் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேனா, இல்லை, வெட்டாமல் விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பதில் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ வந்துவிட்டால் வீட்டில் கேபிள் கட். பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும். செங்கல்பட்டில் நாங்கள் இருந்த தெருவில் ஜூன் பிறந்தால் கேபிள்காரர் ஏணியோடு சுற்றுவார். எங்கள் வாசலில் அவரும் நைனாவும் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

“இன்னா அண்ணாத்த, உன் வூட்லயும் பத்தாவதா?”

“ஆமாபா. வயர உருவிடு.”

“மேட்ச் பாக்காம நீ ஒரு வருசம் இருந்துடுவியா?”

“நான் இருப்பேன். உள்ள கீறவ இருப்பாளான்னுதான் தெரில.”

உள்ளே இருந்தவள் என் அம்மா. ஏழரை மணி சீரியலுக்காக ஏழு மணிக்குள் சோறு வடித்துவிடுகிறவள். அன்றைய குழம்பில் உப்பே இல்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். ஏழரைக்கு அவர்கள் டிவி எங்கள் வீட்டிலும் கேட்கும். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். நான் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். ‘டமார்’ என்று இடி இடித்தால் வில்லி வந்துவிட்டாள். அடுத்தடுத்து மூன்று முறை இடித்தால் யாரோ அதிர்ந்து திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரே திரும்பலை மூன்று தடவை காட்டுவார்கள்.

“மாமியாருக்குத் தெரிஞ்சு போச்சு போலடி,” என்பாள் அம்மா மெதுவாக.

“மாமியார் இல்லம்மா, புருஷன்காரன்,” என்பேன், தலையைத் தூக்காமல்.

ஒருவர் முகத்தையும் பார்க்காமல் அந்தக் கதை முழுவதையும் நாங்கள் பார்த்து முடித்தோம். நைனாவோ பெரிய மேட்ச் நாட்களில் டிவி கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பஸ் லேட் என்று சொல்லிக்கொண்டு வருவார். என்னை ஒரு நாள்கூட அவர் ‘படி’ என்று சொன்னதில்லை. வெட்டியதோடு சரி.

அந்த சீரியலைப் போன வருடம் போனில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். வில்லி ஒரு சாதாரணப் பெண். நெற்றிப் பொட்டு மட்டும்தான் பெரிது. எனக்குள் இருந்த வில்லி இன்னும் உயரமானவள். கொஞ்ச நேரத்திலேயே மூடிவிட்டேன்.

இப்போது எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். கணவருக்குக் கல்பாக்கத்தில் ஷிஃப்ட் வேலை, எனக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. அம்மா இறந்த பிறகு தனியாக இருந்த நைனா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் வந்தார். அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது.

மகளுக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துப் போவாள். ஆனால் போனில் ஓடும் குட்டி வீடியோக்களின் வசனத்தை அதே குரலில் சொல்வாள். முதலில் சிரித்தோம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிக் காட்டவும் வைத்தோம். பிறகுதான் பயம் வந்தது. காதெல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துச் சொன்ன டாக்டர், முதல் வேலையாகச் சாப்பாட்டு நேரத்தில் போனை நிறுத்துங்கள் என்றார். முகம் பார்த்துப் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள் என்றார். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பசித்தால் கேட்கக்கூடத் தெரியாமல் அவள் அங்கே உட்கார்ந்திருப்பாளே.

நிறுத்தினேன். முதல் நாள் அவள் வாயையே திறக்கவில்லை. பருப்புச் சோறு என் சுடிதார் மேல் வந்து விழுந்தது. மறுநாளும் அப்படியே, அழுகை வேறு. பட்டினி போடுகிறேனா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டுமோ என்று குழம்பினேன். அந்தக் குழப்பத்திலேயே தட்டோடு எழுந்து, ‘டமார்’ என்று கத்தி, சீரியல் வில்லி மாதிரித் திரும்பிப் பார்த்தேன். மூன்று முறை. அழுகை நின்றது. திறந்திருந்த வாயில் ஓர் உருண்டையை வைத்தேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, “அம்மா, தும்பு,” என்றாள். திரும்பு என்கிறாள்! எந்த வீடியோவிலும் இல்லாத, அவளாகச் சொன்ன சொல். கழுத்து வலிக்கும் வரை திரும்பினேன்.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தேன். நைனா மடியில் மகள். எதிரில் போன். அவள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஊட்டிக்கொண்டிருந்தார். போனை எடுத்து அணைத்தேன்.

“இன்னா நைனா இது? டாக்டர் சொன்னத சொன்னேன் இல்ல?”

“டாக்டரா வந்து ஊட்டப் போறாரு? ஒரு கிண்ணம் சோறு துன்னுச்சா இல்லியா, அத்த பாரு.”

“துன்னா போதுமா? பேச வேணாமா?”

“எல்லாம் பேசும். நீகூட லேட்டாதான் பேசுன. இப்ப வாய மூட முடியல.”

“எனக்கு மட்டும் கேபிள வெட்டுன. உன் பேத்திக்குப் போன குடுக்கறியே, இது நியாயமா?”

அவர் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார்.

“ஒக்காந்து சொல்லிக் குடுக்க நான் இன்னா படிச்சவனா? வெட்டத் தெரிஞ்சுது, வெட்டுனேன். காலைலருந்து சாய்ந்தரம் வரிக்கும் இது பேசாது. நான் இன்னாத்த பேசறது, சொல்லு? அந்த சனியன் ஓடிக்கினு இருந்தாதான் வூடு வூடாட்டம் கீது.”

ஆனாலும் சொன்னேன்: “அவ தூங்கறப்ப போன பாத்துக்கோ நைனா. முழிச்சினு இருக்கறப்ப வேணாம்.”

மறுநாள் காலை அவர் பையை எடுத்துக்கொண்டார். “செங்கல்பட்டு வூட்ட தொறந்து பாத்துட்டு வரேன். கரையான் புடிச்சிருக்கும்.” போனவர் இன்னும் வரவில்லை. போன் செய்தால், “துன்னுச்சா?” என்று கேட்கிறார். எப்போது வருகிறாய் என்றால், “பாக்கலாம்.”

லீவு போட்டுவிட்டு மகளோடு இருக்கிறேன். நைனா சொன்னது இப்போது புரிகிறது. பதினோரு மணிக்கெல்லாம் என்னிடம் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அப்படியொரு நேரத்தில் அவளை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன்.

“பாப்பா, உனுக்கு இன்னா மீன் ஓணும்?” என்றார் மீன்கார அம்மா.

நான் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். பின்னால் நின்றவர், “சீக்கிரம் சொல்லு தாயி, மீன் கருவாடாய்டும்,” என்றார். நான் நகரவில்லை. மகள் சங்கரா மீனை ஒரு விரலால் தொட்டு, “செவப்பு,” என்றாள்.

“செவப்பா! அப்ப அதான்,” என்று அந்த அம்மா தராசில் அள்ளிப் போட்டார்.

அதனால் நான் பின்வாங்குவதாக இல்லை. எங்கள் வீட்டில் அவள் சாப்பிடும்போது போன் இருக்காது. ஆனால் லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. நானே போய்க் கூப்பிட்டால் நைனா வந்துவிடுவார் என்கிறார் கணவர். வருவார்தான். வந்தால் அவ்வளவு நீளமான பகலை அவர் எதை வைத்துக் கழிப்பார்? போனைப் பிடுங்கிய நான் பதிலுக்கு அவர் கையில் என்ன கொடுக்கப் போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போகிறேன். சின்னக் குழந்தையும் பெரியவர் ஒருவரும் மட்டும் பகல் முழுக்க இருக்கும் வீடு உங்களில் பலருக்கும் இருக்கும். அங்கே போன் இல்லாமல் பொழுது எப்படிப் போகிறது? உங்கள் அப்பாவிடம் அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். நான் பஸ் ஏறுவதற்குள் கிடைத்தால் நல்லது.