கேட்டை மறித்த சிவப்புக் கார்

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு, ஏற்காட்டில் என் தோழி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் படியிறங்கி வெளியே வந்தபோது, நான் முதலில் பார்த்தது காரின் முன்சக்கரத்தில் மாட்டியிருந்த மஞ்சள் பூட்டு. அடுத்துத்தான் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம் தெரிந்தது. வாகனத்தை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் என்று அதில் இருந்தது. கீழே தொடர்புக்கு ஒரு கைப்பேசி எண்.

போன வருடம் மே மாதம், கோடை விழா நடந்த வாரம் அது. தோழிக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதில்லை. செவ்வாய், சனி இரு நாளும் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் வேலையில் இருந்தவள், உடம்புக்கு முடியாமல் அதை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வழக்கமாக அவள் கணவர் காரில் அழைத்துப் போவார். அந்த வாரம் அவர் வேலை விஷயமாகக் காரோடு ஓசூர் போய்விட்டதால், சேலத்திலிருந்து நான் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு.

அவளுக்கு ஒதுக்கிய நேரம் பகல் பன்னிரண்டு. சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். விழா நாட்களில் மேலே ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று பிரித்துவிடுவார்கள். அது சுற்று. பத்து மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

நான் காலை ஒன்பதேகாலுக்கு வந்து சேர்ந்தபோது சாலையின் இரு பக்கமும் வெளியூர் வண்டிகள் ஒன்றை ஒன்று உரசாத குறையாக நின்றன. காலியாக இருந்த ஒரே இடம் கட்டடத்தின் கேட்டுக்கு முன்னால்தான். அதில் பாதியை மட்டும் அடைத்து நிறுத்தினேன். காவலாளி என்று யாரும் கிடையாது. மேலே போய் அவளைக் கூட்டி வர எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். லிஃப்ட் இல்லை.

கதவைத் திறந்தவள் பனியில் துண்டு காயவே மாட்டேன் என்கிறது என்று சொல்லி, நீலக் கரை போட்ட துண்டு ஒன்றை நாற்காலி முதுகில் விரித்தாள். அவள் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பின் வாரை இளக்கிவிட்டிருந்தாள். நாலு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கினாள். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும் மூடியில் ஊற்றிக் குடித்தாள். புடவை மாற்றி, மருத்துவமனைப் பையை எடுத்து, வீட்டைப் பூட்டி, படிக்குப் படி நின்று நின்று கீழே வந்து சேர்ந்தபோதுதான் அந்த மஞ்சள் பூட்டு.

நான் காரை நோக்கிப் போனதும் அவள் நின்றுவிட்டாள்.

"ஏம்புள்ள, இதா உன் வண்டி? வெள்ளக் காருல்ல வெச்சிருந்த?"

"அது ஒர்க்ஷாப்புல நிக்குது. இது தம்பியோடது."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவளை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, காகிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் ஒரு போக்குவரத்துக் காவலர். பின்னால் ஒலிபெருக்கியும் விசில் சத்தமுமாக இருந்தது. ஏரி ரவுண்டானாவில் நிற்பதாகவும், அங்கே ஆள் மாற்றிவிட்ட பிறகே வரமுடியும் என்றும், அரை மணி நேரமாவது ஆகும் என்றும் சொன்னார். நோயாளி இருக்கிறார் என்றேன். கொஞ்சம் தயங்கினார்.

"சீக்கிரம் வரப் பாக்கறனுங்க. உங்க பில்டிங்குல இருந்தே போட்டோவோட கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுங்க. வராம இருந்தா நாங்க அந்தப் பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. ஃபோனை வைத்துவிட்டு அவளிடம்தான் கொட்டினேன்.

"இந்தக் கட்டடத்துலயே யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க பாரு. வேலவெட்டி இல்லாம ஊட்டுல உக்காந்துட்டு, எவன் வண்டி எங்க நிக்குதுன்னு படம் புடிக்கறதே பொழப்பு."

அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு முதல் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். லுங்கியோடு வந்தவர் தோழியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"அட, இதுக்கு எதுக்குங்க போலீஸ்காரனுக்குக் காத்துட்டு? எங்கூட்டு வண்டி உள்ளதான் நிக்குது. நானே கொண்டுபோய் உட்டுட்டு வந்தர்றேன். செத்த இருங்க, சாவி எடுத்தாறேன்."

இரண்டு அடி எடுத்து வைத்தவர் திரும்பி கேட்டைப் பார்த்தார். என் காரைப் பார்த்தார். கேட்டின் ஒரு கதவு பூமியில் பதிந்து பல மாதமாகத் திறப்பதில்லை. திறக்கும் கதவுக்கு நேராகத்தான் என் கார் நின்றது. ஆள் நுழையலாம், ஸ்கூட்டர் நுழையலாம். கார் வராது.

"நல்லாப் போட்டீங்க போங்க," என்றார்.

வாடகை வண்டிக்கு மூன்று பேரிடம் கேட்டார். ஒருவர் மலைக்குக் கீழே இருந்தார், மற்ற இருவரும் சுற்றுலாக்காரர்களுடன் இருந்தார்கள். பஸ்ஸில் படியிலும் ஆள் தொங்கியது. நாலு பேர் சேர்ந்து காரைத் தூக்கி நகர்த்தலாமா என்று யோசித்தோம். அடுத்த பக்கம் திறந்த சாக்கடை. கடைசியில் செயலாளர் சட்டை மாட்டிக்கொண்டு தன் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். காவலரை நேரில் போய்ப் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வண்டிகளுக்கு நடுவே நெளிந்து போனார்.

காத்திருந்த நேரத்தில் தோழி இருக்கையைச் சாய்த்துக்கொள்ளவில்லை. சாய்ந்தால் மூச்சு முட்டும் என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் டேஷ்போர்டில் ஊன்றியிருந்தாள். அவள் தோள்கள் ஏறி இறங்குவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விலகி வெயில் வந்தது. எங்களைக் கடந்து போன வேனிலிருந்து பிள்ளைகள் எங்களுக்குக் கையசைத்தார்கள்.

பத்தரைக்கு மேல் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் காவலர், மடியில் ரசீது அடிக்கும் கருவி. முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் நின்று நின்று முகம் கன்றிப் போயிருந்தது. இறங்கியதும் தோழியைப் பார்த்து, "ஏனுங்கக்கா, தண்ணி கிண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அப்போதே பணத்தைக் கட்டியிருக்கலாம். தொகை பெரிதில்லை. ஆனால் எனக்கு நியாயம் என் பக்கம் இருப்பதாகப் பட்டது.

"இங்க நோ பார்க்கிங் போர்டு எங்க இருக்குது?"

"கேட்டுக்கு எதுக்குங்க போர்டு? கேட்டே போர்டு மாதிரிதானுங்க."

"சரி, நான் வந்ததும் எடுத்துட்டுப் போயிருப்பேன். நீங்க பூட்டுனதால இங்கியே நிக்குது. இப்ப வழிய மறிச்சிருக்கறது என் காரா, உங்க பூட்டா?"

அவர் சற்று யோசித்தார். "ரெண்டுந்தானுங்க," என்றார்.

செயலாளர் சிரித்துவிட்டு, பிறகு இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

காவலர் கோபப்படவில்லை. அவருடைய வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அபராதத்தைக் கட்டினால் பூட்டை இப்போதே எடுப்பார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுதிக் கொடுக்கலாம், அது கோர்ட்டுக்குப் போகும், ஆனால் பூட்டை எடுக்க எஸ்.ஐ. சொல்ல வேண்டும், அவர் விழா மேடைப் பக்கம் இருக்கிறார். மூன்றாவதாக ஒன்று உண்டு.

"கம்ப்ளெய்ண்ட் குடுத்தவங்களே வந்து, தெரிஞ்சவங்க வண்டிதான், வேண்டாமுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, எச்சரிக்கை பண்ணி உட்டர்லாமுங்க. செலானையும் நானே ஸ்டேஷன்ல சொல்லி எடுத்துடறேன்."

"யாரு அது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஸ்டேஷன் நெம்பருக்கு வரும். போட்டோவ மட்டும் எனக்கு அனுப்புவாங்க."

செயலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் அங்கேயே நின்று குரல் பதிவு போட்டார். "ஏனுங்க, கேட்டு முன்னாடி நிக்கற சிவப்புக் காரப் பத்திப் போலீசுக்குப் போட்டோ அனுப்புனது யாருங்க? தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு நிமிசம் கீழ வந்துட்டுப் போங்க. ஆஸ்பத்திரிக்கு அவசரமுங்க." அடுத்த நொடி தோழியின் பைக்குள் ஃபோன் ஒலித்தது. அவளும் அந்தக் குழுவில் இருப்பவள்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பையைத் திறக்கவில்லை.

நாங்கள் மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரும் வரவில்லை.

"அந்தப் போட்டோவக் காட்டுங்க," என்றேன். எவ்வளவு தூரம் கேட்டை மறைத்திருக்கிறது என்று பார்த்தால் வாதாட இன்னும் ஏதாவது கிடைக்கும் என்பது என் கணக்கு.

காவலர் கைப்பேசியை நீட்டினார். மேலிருந்து எடுத்த படம். காரின் கூரையும் நம்பரும் தெளிவாக இருந்தன. திறக்கும் கதவை முழுக்க மறைத்திருந்தேன், அதில் சந்தேகமே இல்லை. படத்தின் கீழ் ஓரத்தில், கிட்டத்தில் இருந்ததால் மங்கலாக, ஒரு துணி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நீலக் கரை. கொடியில் அதைக் கவ்விக்கொண்டிருந்த கிளிப்.

நான் படியேறிக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று நிமிடங்களில், துண்டை எடுக்க பால்கனிக்கு வந்தவள் கேட்டைப் பார்த்திருக்கிறாள். வெள்ளைக் காரில் வரவேண்டிய என்னை எதிர்பார்த்துக்கொண்டு, சிவப்புக் காரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணாடி வழியே நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் எடுத்தது இவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழக்கு என் பக்கம் தீர்ந்துவிடும், பூட்டு இறங்கிவிடும், அபராதமும் ரத்தாகிவிடும். செயலாளரும் காவலரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னோடதுதான்," என்றேன். "கட்டிடறேன்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா," என்று ஆரம்பித்த செயலாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கூட்டத்தால் சிக்னல் கிடைக்கவில்லை. கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் தடவை பணம் போகவில்லை. இரண்டாம் தடவையும் வட்டம். காவலர் என் கைப்பேசியை வாங்கிக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையின் நடுவுக்குப் போய் நின்றார். அங்கேதான் போனது. ஓடி வந்து பூட்டைக் கழற்றினார். கழற்றிய கையோடு விசிலை ஊதி, எதிரே வந்த வேனை நிறுத்தி, நான் திருப்பிக்கொள்ள வழி விட்டார்.

குப்பனூர் சாலையில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. காப்பித் தோட்டங்களைத் தாண்டும்போது தம்பி கூப்பிட்டான். அபராதக் குறுஞ்செய்தி வண்டியின் சொந்தக்காரனுக்குத்தானே போகும். "ஏங்க்கா, வண்டிய ஓட்டத்தான குடுத்தேன்," என்றான் ஃபோனில். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தேன்.

"புள்ள," என்றாள் தோழி. "அந்தப் போட்டோவ நாந்தான் அனுப்புனேன்."

"தெரியும். துண்டு தெரிஞ்சுது."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "போன மாசம் ஒரு வேன்காரன் கேட்டுக்கு நேரா போட்டுட்டு ஏரிக்குப் போயிட்டான். நாங்க காரோட உள்ள மாட்டிக்கிட்டோம். அன்னிக்கு டயாலிசிஸே போச்சு. ராத்திரி பூராப் படுக்க முடியில, செவுத்துல சாஞ்சு உக்காந்தே இருந்தேன். அதுக்கப்பறம் எந்த வண்டி நின்னாலும் உடனே அனுப்பிடறது. வேற யாரு பாக்கறா?"

"அங்கியே சொல்லியிருக்கலாமுல்ல? உடனே எடுத்திருப்பாங்களே."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வேலவெட்டி இல்லாம ஊட்டுல உக்காந்துட்டுன்னு நீ சொல்லிட்ட. அப்பறம் எங்க சொல்றது?"

எதிரே வளைவு வந்தது. நான் ஹாரன் அடித்துத் திரும்பினேன்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போதும் ஏதாவது வீட்டு வாசலை மறித்து வண்டி நிற்பதைப் பார்த்தால் என் கண் முதலில் மாடிப் பக்கம்தான் போகிறது. அங்கே யாராவது நின்றால், பொழுது போகாமல் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வதில்லை.

அன்று நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. நாலு மணிக்கு அந்தப் படுக்கைக்கு வரவேண்டிய அடுத்த நோயாளி வெளியூரிலிருந்து வந்து, அப்போதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நாலு மணி நேரம் ஓடவேண்டிய இயந்திரத்தை மூன்று மணி நேரம்தான் போடமுடியும் என்று நர்ஸ் சொன்னார். எடுக்க முடியாமல் போன நீர், செவ்வாய்க்கிழமை வரை அவள் உடம்பிலேயே இருந்தது.